அஞ்சலாட்சி வந்தால் அணையும் தீ

கீழ்ச்செம்மேட்டுச் சுரங்கத்துத் தீ அஞ்சலாட்சியைக் கண்டு முதன்முதலாக அடங்கிய நாள் சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை என்று சிலரும், இல்லையில்லை புதன்கிழமைதான் என்று வேறு சிலரும் சொல்வார்கள். அன்றைக்குக் கேன்டீனில் எலுமிச்சை சாதம் போட்டார்கள் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

அது பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். அந்தக் கரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, வெயிலில் காய்ந்து கொஞ்சம் காற்றும் பட்டால் போதும், யாரும் பற்ற வைக்காமலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். அதனால் சுரங்கத்துக்கென்றே ஒரு தீயணைப்புப் பிரிவு இருந்தது. அதில் பதினோரு வருஷமாக வேலை பார்த்தவள் அஞ்சலாட்சி. முப்பத்து நாலு வயது, தோளில் குழாயைப் போட்டுக்கொண்டு கரிச்சரிவில் ஏறினால் ஆண்கள் பின்னால் மூச்சு வாங்குவார்கள். அந்தச் செவ்வாயோ புதனோ, சுரங்கச் சரிவில் வெட்டியிருந்த மூன்றாம் படியில் முழங்கால் உயரத்துக்குத் தீ எழுந்து அவள் குழாயைத் திருகியபோது குழாய் வெடித்துத் தண்ணீர் முழுக்க அவள் முகத்திலேயே அடித்தது, அவள் குழாயையும் அதைச் செய்தவன் பரம்பரையையும் வைதுகொண்டே, மண்ணையாவது அள்ளிப் போடலாமென்று தீயை நோக்கி நாலு எட்டு வைத்தாள். தீ அவளைப் பார்த்தது. பார்த்துவிட்டு, தலைமையாசிரியரைக் கண்ட வகுப்பு மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"அணைஞ்சிடுச்சா?" என்று மேலிருந்து கேட்டார்கள்.

"அணைஞ்சிடுச்சு."

"அப்போ டீ குடிக்கப் போலாம் வா" என்றார்கள். போனார்கள். அவள் உள்ளே நுழைந்ததும் கேன்டீன் அடுப்பு ஆறும் ஒன்றாக அணைந்தன.

ஒரு வாரத்துக்குள் விவரம் தெளிவாகிவிட்டது. அஞ்சலாட்சி பத்து எட்டு வைக்கிற தூரத்துக்குள் வந்தால் எந்தத் தீயும் நிற்காது. பீடி, ஊதுவத்தி, கற்பூரம், வெல்டிங் கடையின் பொறி, எல்லாம் ஒரே கணக்குதான். லாரி எஞ்சின்கள் மட்டும் ஓடின. இரும்புக்குள்ளே கிடக்கிற தீக்கு அவள் முகம் தெரியாதில்லையா என்று ஊரார் காரணம் சொல்லிக்கொண்டார்கள், அந்தக் காரணமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. இனி சாம்பாரை எப்போது கொதிக்க வைப்பது என்று கேட்டவர்கள்தான் அதிகம். குவார்ட்டர்ஸில் அவள் பக்கத்து வீட்டுப் பவுனம்மாள், "உனக்கு வந்த சக்தி வந்துச்சு, என் குக்கர் மூணாவது விசிலுக்கு அப்புறம் வந்திருக்கக் கூடாதா?" என்று நேரடியாகவே சண்டைக்கு வந்தாள். அஞ்சலாட்சிக்கோ வேறு பயம். அடுப்பு அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தால் என்னவாகும் என்பது தீயணைப்புக்காரிக்குத் தெரியாதா? அவள் உடனே கடைக்குப் போய் ஒரு விசில் வாங்கினாள். தெருமுனையில் நின்று நீளமாக ஒரு தரம் ஊதுவாள், உள்ளே எல்லோரும் கேஸை மூடிவிட்டு, "மூடியாச்சு!" என்று வரிசையாகக் குரல் கொடுப்பார்கள், கடைசிக் குரல் வந்த பிறகுதான் தெருவுக்குள் காலை வைப்பாள். பிறகு அவள் ஷிப்ட் நேரத்தைத் தாளில் எழுதித் தெருமுனையில் ஒட்டினார்கள், பஸ் நேரத்துக்குக் கீழே, பஸ்ஸைவிட அவள் நேரந்தவறாதவள் என்பதால் அதையே எல்லோரும் நம்பினார்கள்.

ஊர் அவளுக்கேற்ப வளைந்துகொடுத்தது. பெருமாள் கோயில் அர்ச்சகர் தீபாராதனை முடிந்தபின் அவளுக்கென்று தனியாக, விளக்கில்லாமல், கை டார்ச் அடித்துச் சாமியைக் காட்டினார். பீடியை விட முடியாமல் இருபது வருஷம் தவித்த நாலு பேர் அவள் வீட்டு வாசலுக்கே குடிவந்த மாதிரி உட்கார்ந்து பழக்கத்தை விட்டார்கள், அவர்கள் பெண்டாட்டிமார் அவளுக்கு முறுக்கு சுட்டு அனுப்பினார்கள். தீபாவளியன்று அவளே பெருந்தன்மையாகப் போய்ச் சுரங்கத்துப் பம்ப் ஹவுஸில் உட்கார்ந்துகொண்டாள். திரௌபதியம்மன் கோயில் தீமிதிக்கு முன்தினம் வார்டு மெம்பர் ரகசியமாக வந்து, "வேண்டிக்கிட்டேன் தாயி, ஆனா காலு நடுங்குது, நீ சும்மா அந்த வேப்பமரத்துக்குப் பின்னால நின்னா போதும்" என்று கெஞ்ச, அவள் இரக்கப்பட்டு நின்று தொலைத்தாள். அன்றைக்கு முப்பத்திரண்டு பேர் ஜில்லென்ற கரியின்மேல் நடந்து போய், ஆத்தாள் இந்த வருஷம் என்ன கருணை, என்ன கருணை என்று அழுதார்கள். அடுத்த வருஷம் அவளை முந்தின நாளே சிதம்பரத்துக்குப் பஸ் ஏற்றிவிடுவது என்று பூசாரி அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

இவ்வளவையும் அவள் சிரித்துக்கொண்டே தாங்கினாள். தாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதன் பெயர் வைத்திலிங்கம்.

வைத்திலிங்கம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பரோட்டாக் கடை வைத்திருந்தான். நாற்பதை எட்டாத, தொந்தி விழாத, கையால் மாவை வீசும்போது கண்ணை மூடிக்கொள்கிற மாஸ்டர். முந்திரி விறகில்தான் கல்லைக் காய வைப்பான். அந்தப் புகை படாத பரோட்டாவை அவன் பரோட்டா என்றே ஒப்புக்கொள்வதில்லை. அவனும் அஞ்சலாட்சியும் கட்டிக்கொள்வதென்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்த மறுமாதம்தான் அவளுக்கு இது வந்தது. அதற்குப் பிறகு அவள் கடைக்குள் போனதில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பஸ் நிழற்குடையில் அவள் நிற்பாள், அந்தப் பக்கம் அடுப்போடு அவன் நிற்பான், நடுவே லாரிகள் போகும், இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசிக்கொள்வார்கள். ரகசியம் என்று ஒரு சொல்லைக்கூட வைத்துக்கொள்ள வழியில்லாத காதல் அது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள், பஸ் வந்தாலும் சில பேர் ஏறவில்லை.

"சாப்ட்டியா?" என்று அவன் கத்துவான்.

"சாப்ட்டேன்!"

"என்னா சாப்ட்ட?"

"ரசஞ்சோறு!"

"அது சாப்பாடா?" என்று பஸ்ஸுக்கு நிற்கிற கிழவர் யாராவது இடையில் கேட்பார்.

அவனும் முயன்று பார்க்காமல் இல்லை. கரண்ட் அடுப்பு ஒன்றை வாங்கி வந்து ஒரு நாள் முழுக்க அதில் போராடினான். வந்ததைத் தானே ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு, அடுப்பைப் பவுனம்மாளுக்கே கொடுத்துவிட்டான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ரோட்டைத் தாண்டி அவனே வந்தான், கையெல்லாம் மாவு.

"கடைய மூடிடறேன் அஞ்சல. பனியன் கம்பெனியில ஆள் எடுக்கறானுவோ, திருப்பூருக்குப் போயிடலாம். அங்க தீயே இல்ல, தையல் மிஷின்தான்."

அஞ்சலாட்சி அவன் கையைப் பார்த்தாள். அந்தக் கை தையல் மிஷினில் என்ன செய்யும் என்று யோசித்தாள்.

"வேணாம் மாஸ்டரு. நீங்க கடைய மூடிட்டு வந்தீங்கன்னா, அந்த அடுப்பு அவிஞ்ச பாவத்த நான் ஆயுசுக்கும் சுமக்கணும். தை மாசம் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள இது போவலன்னா நீங்க வேற பொண்ணப் பாத்துக்குங்க."

"வேற பொண்ணு எதுக்கு? நான் என்னா பஸ் மாறி ஏறவா போறேன்?" என்றான் வைத்திலிங்கம் கோபமாக. நிழற்குடையில் இருந்த எல்லோரும் அவன் பக்கம்தான். ஆனாலும் தை என்பது தையாகவே நின்றது, ஊரே மாதத்தை எண்ண ஆரம்பித்தது.

சுரங்கத்திலோ அவளை விட்டுவிட மனசில்லாத ஆள் ஒருவர் இருந்தார், பாதுகாப்பு அதிகாரி குமரகுருபரன். கெட்டவர் இல்லை, விதிகளை நேசித்தவர், அவ்வளவுதான். தீயை அணைக்கிற எந்தச் சாதனமாக இருந்தாலும் பதிவேட்டில் எண் போட வேண்டும் என்பது விதி. ஆகவே அஞ்சலாட்சியின் ஹெல்மெட்டில் "தீயணைப்புச் சாதனம் 114" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார், அடுத்த பரிசோதனைத் தேதியோடு. சிவப்பு சிலிண்டர்களை மாதம் ஒரு முறை எடை போட்டுப் பார்ப்பது வழக்கம், உள்ளே சரக்குக் குறைந்திருந்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால். அவளையும் அதே தராசில் ஏற்றி நிறுத்தினார்கள். ஐப்பசியில் அவள் எடை இரண்டு கிலோ குறைந்தபோது, சாதனம் மறு நிரப்பு செய்யப்பட வேண்டும் என்று எழுதி, கேன்டீனில் தினம் இரண்டு முட்டை கூடுதலாகக் கொடுக்கச் சொன்னார். காரணம் வைத்திலிங்கம் என்பது எல்லோருக்கும் தெரியும், முட்டையால் அது தீராது என்பதும் தெரியும்.

கார்த்திகை நடுவில் அவர் ஒரு தப்பு செய்தார். கரியைச் சுமந்து ஓடுகிற நாலாம் பெல்ட் அதை ஐந்தாம் பெல்ட்டில் கொட்டுகிற இடம்தான் சுரங்கத்திலேயே பொல்லாத இடம். தூசி பறக்கும், உருளைகள் சிக்கித் தேய்ந்து சூடாகும், எப்போது பற்றும் என்று சொல்ல முடியாது. அங்கே தண்ணீரைப் பன்னீர் மாதிரி தூவுகிற தெளிப்பான்கள் வரிசையாக இருந்தன, வெப்பம் ஏறினால் தாமாகவே திறந்துகொள்ளும். தெளிப்பான்களின் மூக்கெல்லாம் அடைத்துக்கொண்டு, அவற்றின் பம்பும் பழுதாகி நின்றபோது, அவர் பழுது பார்க்க எழுதவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"நீதான் இருக்கியேம்மா. இனிமே எட்டு மணி நேரமும் இங்கயே உக்காந்துக்க. பெல்ட்டு ஓடறதே உன் ஷிப்ட்லதான், பம்பு எதுக்கு?"

"சார், நான் சாதனம் இல்ல சார். எனக்குக் காய்ச்சல் வரும், கல்யாணம் வரும்."

"கல்யாணமா?" என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். "அத பதிவேட்டுல எப்பிடிம்மா காட்றது?"

அவள் உட்கார்ந்தாள். காலையில் உட்கார்ந்து மதியம் எழுந்தாள், நாளுக்கு நாள், அதே நாற்காலி, அதே பெல்ட், அதே கரி. ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. பதினோரு வருஷப் பழக்கம், ஷிப்ட் தொடங்கியதும் அருகிலிருந்த தீயணைப்புக் குழாயின் வால்வைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, கிரீஸ் தடவி மூடிவிட்டுத்தான் உட்காருவாள். அந்தக் குழாய்க்குத் தண்ணீர் மேட்டுத் தொட்டியிலிருந்து வந்தது, பம்பை நம்பியில்லை. "உனக்கெதுக்கு அஞ்சல இந்த வேலை, நீ நடந்து போனாலே அணையுமே" என்று பெல்ட்காரர்கள் கேலி செய்தார்கள். "பல் நல்லா இருந்தாலும் விளக்கறேன் இல்ல, அது மாதிரி" என்றாள்.

இருபதாம் நாளோ இருபத்தோராம் நாளோ, மார்கழிக் காலையின் நல்ல வெளிச்சத்தில், நாலாம் பெல்ட்டின் உருளை ஒன்று சிக்கிக்கொண்டு கீச்சிட்டது. புகை வந்தது. புகைக்குப் பின்னால் தீ வந்தது. அஞ்சலாட்சி கொட்டாவி விட்டபடி எழுந்து, எப்போதும் போல நடந்து போனாள்.

தீ அவளைப் பார்த்தது. ஆனால் உட்காரவில்லை.

அவள் இன்னும் கிட்டே போனாள். ஒன்பது எட்டு, ஐந்து எட்டு, மூன்று எட்டு. முகத்தில் சூடு அடித்தது. எட்டு மாதமாக அவள் முகத்தில் அடிக்காத சூடு. தீ இடமும் வலமுமாக ஆடிக்கொண்டு, தினம் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டே, பெல்ட்டின் ரப்பரை நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது.

அஞ்சலாட்சிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த கணம் எல்லாமே விளங்கியது. இத்தனை மாதமாக அவள் எங்கே போனாலும் தீ அணைந்தது, அணைந்ததும் சுரங்கத்தில் அடுத்த இடத்துக்கு அனுப்பினார்கள், ஊரில் வீட்டுக்கு அனுப்பினார்கள், அவளும் வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டாள். ஒரு அடுப்பின் பக்கத்திலும் யாரும் அவளை இருக்க விட்டதில்லை. இந்த ஒரு இடத்தில்தான் நாள் தவறாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எலே, பெல்ட்ட நிறுத்துங்கடா!" என்று கூவிக்கொண்டே அவள் அவசரக் கயிற்றை இழுத்தாள், பெல்ட் நின்றது. ஓடிப்போய் வால்வைத் திறந்தாள். கிரீஸ் தடவிய வால்வு வெண்ணெயாகத் திறந்தது. பெல்ட்காரர்கள் ஓடிவந்து குழாயின் நடுவைப் பிடித்துக்கொண்டார்கள், முனையை அவள் பிடித்தாள், அரை மணி நேரத்தில் நுரை வண்டியும் வந்துவிட்டது. அந்த நேரம் முழுக்க, கண்ணில் நீர் வடிய, முகமெல்லாம் கரியாக, எதிரே தீ ஆளுயரத்துக்கு நிற்க, அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே தண்ணீர் அடித்தாள். புகை தலைக்கேறிவிட்டது என்று குழாய் பிடித்தவர்கள் பயந்தார்கள்.

குமரகுருபரன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது தீ அணைந்து கரியில் ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஒருவருக்கும் காயமில்லை, பெல்ட்டில் பத்தடி போயிருந்தது.

"ஏம்மா, ஏன் அணையல? பரிசோதனைத் தேதி கூடத் தாண்டலியே!"

"பழகிடுச்சு சார்."

"எது?"

"தீ சார்! எங்கிட்ட பழகிடுச்சு. தினம் ஒரே இடத்துல உக்காந்தா அதுக்குத்தான் எத்தினி நாள் பயம் இருக்கும்? நல்லவேளை, பழகுனது இங்க. வால்வ நான் பாக்காம விட்டிருந்தா இன்னிக்கு நீங்களும் நானும் இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்."

அவர் நாற்காலியைப் பார்த்தார், அடைத்துக்கிடந்த தெளிப்பான்களைப் பார்த்தார், பழுது பார்க்கத் தான் எழுதாமல் விட்டது ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். அவளிடம் மன்னிப்பு கேட்டார், அதுவும் எல்லோர் முன்னிலையிலும். மறுநாளே பம்ப் கழற்றிப் பழுது பார்க்கப்பட்டது, தெளிப்பான்களின் மூக்கு ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்யப்பட்டது, ஹெல்மெட்டின் ஸ்டிக்கரை அவரே நகத்தால் சுரண்டி எடுத்தார். அவள் நீட்டிய விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் "அடுப்போடு பழக" என்று எழுதியிருந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மதியம் அஞ்சலாட்சி விசில் ஊதவில்லை. நிழற்குடையில் நிற்கவுமில்லை. ரோட்டைத் தாண்டி நேராகக் கடைக்குள் போனாள், அடுப்பு பொசுக்கென்று அணைந்தது, கல்லில் கிடந்த நாலு பரோட்டா பாதி வேக்காட்டில் நின்றுபோனது.

"என்னா அஞ்சல இது?" என்றான் வைத்திலிங்கம்.

"நான் போவப்போறதில்ல மாஸ்டரு. ஸ்டூல போடுங்க."

விஷயத்தைச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு ஸ்டூலைத் துடைத்து அடுப்பின் பக்கத்தில் போட்டான்.

அதிலிருந்து கடை கடையாக நடக்கவில்லை. தினம் காலையில் அவன் முந்திரி விறகை அடுக்குவான், தீக்குச்சியைக் கிழிப்பான், அது அணையும். மறுபடி கிழிப்பான், அணையும். அவள் உட்கார்ந்திருப்பாள். வாழைப்பழமும் சோடாவும், பவுனம்மாள் தன் கரண்ட் அடுப்பில் செய்து அனுப்பிய தயிர்சாதமும் வைத்து அவன் வியாபாரத்தை ஒப்பேற்றினான். பரோட்டா இல்லாத கடைக்கு முன்னெப்போதையும்விட அதிகக் கூட்டம் வந்தது, பொழுது விடிந்தால் பஸ் ஸ்டாண்டே "எப்பிடி இருக்குது?" என்று விசாரித்தது, பீடியை விட்ட நாலு பேரும் ஆளுக்கொரு தீப்பெட்டி கொண்டுவந்து வைத்தார்கள், வார்டு மெம்பர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டார், இந்த முறை தீமிதிக்க அல்ல, மொட்டை மட்டும். அந்த நாட்களில்தான் அவர்கள் இரண்டு பேரும் வாழ்க்கையில் முதன்முறையாக மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்க ஊரே காதைத் தீட்டியும் ஒன்றும் விழவில்லை.

ஒன்பதாம் நாள் குச்சியின் தீ ஒரு நொடி நின்று அணைந்தது. பதினான்காம் நாள் விறகைத் தொட்டுவிட்டு அணைந்தது. பத்தொன்பதாம் நாள், தை பிறக்க மூன்று நாள் இருக்கும்போது, ஒன்றுமே நிற்கவில்லை. அன்றைக்கு அஞ்சலாட்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், வைத்திலிங்கம் அவள் அழுகிறாள் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி அடுத்த குச்சியைக் கிழித்தான்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். குச்சி எரிந்தது. விறகின் தோல் எரிந்தது. சின்னதாக ஒரு தீ எட்டிப் பார்த்து, அவளைப் பார்த்து நடுங்கி, நடுங்கியபடியே நின்றது. வைத்திலிங்கம் கத்த வாயைத் திறந்தான்.

"சத்தம் போடாதீங்க, மிரண்டுடப் போவுது" என்றாள் அவள் உதட்டசைவிலேயே.

அந்தச் செய்தி வாய்க்கு வாய் பரவாமல் கையசைவிலேயே ரோடு முழுக்கப் பரவியது. பஸ் டிரைவர் எஞ்சினை நிறுத்தினார், லாரிகள் வரிசையாக நின்றன, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. தீ மெல்ல இரண்டாம் விறகைப் பிடித்தது, மூன்றாம் விறகைப் பிடித்தது, பிறகு முந்திரிக்கே உரிய அந்தக் காரமான புகையோடு கல்லின் அடி முழுக்கப் பரவிப் படுத்துக்கொண்டது. வைத்திலிங்கம் அழுதுகொண்டே மாவை வீசினான். முதல் பரோட்டா கருகிப்போனது, இரண்டு பேருமே தீயைப் பார்த்துக்கொண்டிருந்ததால். அதை அஞ்சலாட்சிதான் சாப்பிட்டாள், ஒரு பிட்டுகூட யாருக்கும் தரவில்லை.

தை ஏழாம் தேதி கல்யாணம். ஓமகுண்டத்தின் முன்னால் உட்கார்ந்த ஐயர் தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பெண்ணைப் பார்த்தார், பெண் அவரைப் பார்த்தாள், இந்தத் தீக்கு அவளைத் தெரியாது என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. மணமாலையோடு வைத்திலிங்கம் எழுந்து ஓடினான். தாலி கட்டப் பயந்து ஓடுகிறான் என்று சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இல்லை. கடைக்குப் போய்த் தன் அடுப்பிலிருந்து மூன்று கொள்ளிகளை இரும்புச் சட்டியில் எடுத்துப்போட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி ரோடு நெடுக ஓடிவந்தான், இரண்டு பக்கமும் ஜனங்கள் வழிவிட்டார்கள். ஐயர் அதைக் குண்டத்தில் கவிழ்த்து நெய் விட்டார். மந்திரமும் முந்திரிப் புகையும் சேர்ந்து எழுந்தன, பின்வரிசையில் இருந்தவர்களுக்குப் பசியெடுத்தது.

அஞ்சலாட்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தீயைச் சுற்றி வந்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. அது அணையவில்லை.